ஓடும் எருது, தொற்றும் கை: மாடுபிடி வீரர் வெண்கலச் சிலை வார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

நாற்சந்திகளில் நிற்கும் மாடுபிடி வீரர் சிலைகளை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். காளைக்கு மூக்கு விடைத்திருக்கும், வீரருக்குப் புஜம் திரண்டிருக்கும், மீசை முறுக்கேறியிருக்கும். ஆனால் இரண்டும் ஓடாது; போட்டோவுக்கு நிற்கச் சொன்ன மாதிரி நிற்கும். ஓட்டத்தைத் தசையிலும் முறைப்பிலும் தேடுவதால் வரும் வினை இது. சிலையில் ஓட்டம் என்பது எடை எந்தப் பக்கம் விழுகிறது என்பதில் இருக்கிறது. அதை முதல் நாளே தீர்மானித்துவிட்டால் மீதி எல்லாம் பொறுமை கேட்கும் வேலைதான். தீர்மானிக்காமல் விட்டால், வார்த்து முடித்த பிறகு எந்த உளியாலும் கொண்டுவர முடியாது.

இங்கே சொல்லப்போவது மெழுகு வார்ப்பு முறையில், நிஜத்தில் ஆறில் ஒரு பங்கு அளவுள்ள சிலை. உருவத்தை மெழுகில் செய்து, மேலே மண் பூசி, சூட்டில் மெழுகை வழியவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றுவதுதான் இந்த முறை. ஐந்தரை அடி ஆள் 11 அங்குலம் வருவார். நாலரை அடி உயர எருது 9 அங்குலம் வரும். மேசைமேல் வைக்கலாம், இரண்டு பேர் தூக்கலாம். முதல் சிலைக்கு இதற்குமேல் ஆசைப்பட வேண்டாம்.

எந்த மாடு, எந்த ஆட்டம்

நம் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் நடப்பது அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு அல்ல, எருது விடும் விழா. தெற்கே வாடிவாசலில் பாயும் காளையின் திமிலை ஒருவர் அணைத்துத் தொங்குவார். இங்கே நீண்ட ஓடுபாதையில் எருது தலைதெறிக்க ஓடும். கொம்பில் கட்டிய அலங்காரத் தட்டியைப் பறிக்க இளைஞர்கள் பக்கத்திலேயே ஓடுவார்கள். சிற்பிக்கு இந்த வித்தியாசம் முக்கியம். அங்கே அசைவு சுழல்வது, இங்கே நீள்வது. ஸ்பெயின் நாட்டுக் காளைச்சண்டை வீரரான மாட்டடோரை எடுத்தால் அது மூன்றாவது வகை: மனிதர் ஏறக்குறைய நின்ற இடத்தில் நிற்பார், மாடு அவரைச் சுற்றிக் கடக்கும். இம்மூன்றையும் கலந்தால் எதுவுமே இல்லாத சிலைதான் மிஞ்சும்.

மாட்டின் இனமும் அப்படித்தான். படம் பார்த்துச் செய்பவர்கள் எல்லோரும் காங்கேயத்தையே செய்கிறார்கள். நம் பக்கத்து ஓட்டத்தில் அதிகம் தெரிவது ஹல்லிகர் வகை: நீண்ட முகம், ஒல்லியான உடம்பு, நெற்றியின் உச்சியில் நெருக்கமாகக் கிளம்பிப் பின்னோக்கிச் சாய்ந்து நுனியில் மறுபடி முன்வளையும் கொம்பு. தருமபுரியின் சொந்த இனமான ஆலம்பாடியும் இதே மைசூர்க் குடும்பத்து மாடுதான். நெற்றி இன்னும் புடைத்திருக்கும். பின்னோக்கிப் போகும் அந்தக் கொம்பே பாதி ஓட்டத்தைக் கொடுத்துவிடும். பக்கவாட்டில் விரிந்த கொம்பைப் போட்டுவிட்டால் எருது முன்னே போகாமல் நின்று மிரட்டும்.

பார்ப்பது

பொங்கலை ஒட்டி விழாக்கள் தொடங்கிவிடும். தடுப்புக்கு வெளியே, பாதையின் வளைவுக்குச் சற்று முன்னால் இடம் பிடியுங்கள். எல்லைக்கோட்டில் நிற்பதில் பயனில்லை, அங்கே மாடு வேகம் குறைத்திருக்கும். கைப்பேசியில் ஸ்லோ மோஷனில் பக்கவாட்டாக எடுங்கள். வீட்டில் ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை இவை.

மாட்டுக்குக் காறை எலும்பு கிடையாது. முன்காலின் தோள்பட்டை எலும்பு உடம்போடு தசையால் மட்டுமே கட்டப்பட்டிருக்கிறது. அதனால் ஓடும்போது ஒரு தோள்பட்டை முதுகெலும்பை ஒட்டி ஏறும், இன்னொன்று இறங்கும். இரண்டையும் ஒரே உயரத்தில் வைத்தால் எருது ஓடாது. அடுத்தது திமில். அது எலும்பில்லாத தசையும் கொழுப்பும். உடம்பு இடப்பக்கம் திரும்பும்போது திமில் ஒரு கணம் பின்தங்கி வலப்பக்கம் சாயும். அலைதாடியும் வாலும் அப்படியே. உடம்புக்கு முன்னால் போகும் பகுதி எது, பின்தங்கி வரும் பகுதி எது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். அதுதான் உங்கள் அசைவின் வரைபடம்.

தருமபுரி அகழ்வைப்பகத்துக்கு ஒரு நடை போய் நடுகற்களையும் பார்த்துவிடுங்கள். ஆநிரை மீட்டு மாண்ட வீரர்களை அந்தக் கல் வெட்டியவர்கள் சில அங்குல ஆழத்துக்குள் நிறுத்தியிருக்கிறார்கள். கால் அகன்று, முன்முழங்கால் மடங்கி, உடம்பு வில்லோடு சாய்ந்திருக்கும். முகபாவம் என்று எதுவும் இல்லை, இருந்தாலும் ஆள் பாய்கிறார்.

எடை பற்றிய பாடத்துக்குத் தஞ்சாவூர் கலைக்கூடத்தில் இருக்கும் திருவெண்காட்டு ரிஷபவாகனர் போதும். 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்த செப்புத் திருமேனி. சிவன் கை ஊன்றியிருந்த காளை இன்று அங்கே இல்லை. ஆனாலும் அந்தக் கை எதன்மேல் கிடக்கிறது, எவ்வளவு பாரத்தை அதில் விட்டிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது. உங்கள் வீரரின் கையும் அப்படி இருக்க வேண்டும்: எருதை மறைத்துவிட்டுப் பார்த்தாலும் எருது இருப்பது தெரிய வேண்டும்.

கணத்தைத் தேர்வது

நான் சிபாரிசு செய்யும் நிலை இது. எருதின் பின்கால் இரண்டும் காற்றில். முன்கால் ஒன்று தரையில் விழுந்து முழு எடையையும் வாங்குகிறது. மற்ற முன்கால் அடுத்த எட்டுக்கு நீள்கிறது, அதன் குளம்பு நுனி மட்டும் தரையைத் தொடுகிறது. வீரர் இடப்பக்கம். வலக்கை திமிலைப் பற்றியிருக்கிறது, இடக்கை கொம்புத் தட்டியை நோக்கி நீள்கிறது. அவர் ஒரு கால் காற்றில், மற்றதன் பெருவிரல் மண்ணை உரசி இழுபடுகிறது.

ஆக, தரையைத் தொடுபவை மூன்று: இரண்டு குளம்பு, ஒரு கால்விரல். அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. ஒற்றை முன்காலில் சிலையை நிறுத்தினால், சுமந்து செல்லும்போதே அந்த மெல்லிய கால் வளையும். மூன்று புள்ளி இருந்தால் ஆட்டம் நின்றுவிடும். வயிற்றுக்கடியில் புல்லும் மண்ணுமாக ஒரு முட்டுக்கட்டை வைக்கும் பழைய தந்திரம் தேவையில்லை; அது எப்போதும் முட்டுக்கட்டையாகவே தெரியும்.

முதலில் உள்ளங்கையளவு களிமண்ணில், கட்டுக்கம்பி வைத்து நாலைந்து சின்ன மாதிரிகள் செய்யுங்கள். முகம், விரல், தசை எதுவும் வேண்டாம். ஒவ்வொன்றிலும் மொத்த எடையின் நடுவிலிருந்து ஒரு நூல் தொங்கவிடுங்கள். நூல் ஊன்றிய குளம்புக்கு நேராகவோ பின்னாலோ விழுந்தால் எருது நிற்கிறது. ஒரு விரல் அகலம் முன்னால் விழுந்தால், அடுத்த எட்டு வைத்தே தீர வேண்டும் என்று பார்ப்பவர் உடம்பு உணரும். பீடத்தில் முளையடித்து இறுக்கப்போவதால் சாய்ந்து விழுமோ என்ற பயம் வேண்டாம்.

உள்கரு

சுவாமிமலையில் திருமேனிகளைக் கனமாக வார்ப்பார்கள், உள்ளே புழை இருக்காது. நமக்கு அது சரிப்படாது. இந்த அளவில் எருதின் உடற்பகுதி மட்டுமே ஏறக்குறைய ஒரு லிட்டர் கொள்ளளவு வரும். கனமாக வார்த்தால் 9 கிலோ. 5 மில்லிமீட்டர் தடிமனில் கூடாக வார்த்தால் இரண்டரை கிலோ. செலவை விடுங்கள், தடித்த பகுதி கடைசியாக இறுகும்போது சுருங்கிக் குழி விழும், பக்கத்தில் வெடிப்பும் வரும். ஆகவே உடம்பு, கழுத்து, திமில் மூன்றும் கூடு. கால், தலை, கொம்பு, ஆள் கனம்.

கூட்டின் உட்புறத்தை நிரப்பி நிற்கும் மண் உருதான் உள்கரு. அதற்கு ஏரி வண்டல், சலித்த மணல், உமி, கொஞ்சம் சாணம். உமி எரிந்து போன இடம் காற்று போகும் வழியாகும். உலோகம் ஊற்றும்போது கருவுக்குள் எழும் வாயு அதில்தான் வெளியேறும். முடிவான உடம்பைவிட எல்லாப் பக்கமும் 5 மில்லிமீட்டர் குறைவாகப் பிடித்து, நிழலில் காயவைத்து, லேசாகச் சுட்டெடுங்கள். உள்ளே கம்பி வைத்தால் அதன் ஒரு முனை வயிற்று வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும், பிறகு உருவி எடுக்க.

மெழுகு

தேன்மெழுகும் குங்கிலியமும் ஏறத்தாழ சமபங்கு, மேலே கொஞ்சம் கடலை எண்ணெய். குங்கிலியம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். தேன்மெழுகு மலையூர்களில் தேன் எடுப்பவர்களிடம் சொல்லி வைத்தால் வரும். துணியில் வடிகட்டியே பயன்படுத்துங்கள். எண்ணெயின் அளவைப் பருவம்தான் சொல்லும். தை மாதத்து ஓசூர்க் குளிரில் மெழுகு சடக்கென்று ஒடியும், எண்ணெய் கூட்டுங்கள். சித்திரையில் கொம்பு தானாகத் தொங்கும், குங்கிலியம் கூட்டுங்கள்.

5 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு பட்டைகளுக்கு நடுவே உருளையால் தேய்த்துத் தகடாக்கி, உள்கருவின்மேல் போர்த்துங்கள். மூட்டுகளைச் சூடான கத்தியால் இணையுங்கள். பிறகு துருப்பிடிக்காத ஆணிகளை மெழுகைத் துளைத்து உள்கருவில் பாதி ஏறும்படி, பாதி வெளியே நிற்கும்படி அடியுங்கள். மெழுகு உருகிப் போனபின் உள்கருவை அந்தரத்தில் பிடித்துக்கொள்ளப்போவது இந்த ஆணிகள்தான். எட்டு, பத்து இருக்கட்டும், எல்லாத் திசையிலும் பரவலாக.

கால்களுக்குள் கம்பி வேண்டாம். இரும்புக் கம்பி வார்ப்பிலேயே சிக்கி, வருடம் கழித்துத் துருவாகக் கசியும். செய்யும்போது வெளியிலிருந்து குச்சியால் முட்டுக் கொடுத்தால் போதும். குளம்புகளுக்கும் வீரரின் பெருவிரலுக்கும் கீழே ஒன்றரை அங்குலம் நீளமாக மெழுகிலேயே முளை விடுங்கள்.

இனி திமிலைப் பற்றிய கை. சிலையின் உயிர் அந்த இரண்டு சதுர அங்குலத்தில் இருக்கிறது, நேரத்தைத் தாராளமாக அங்கே செலவழியுங்கள். விரல்கள் திமிலின் மேலே உட்காரக் கூடாது, உள்ளே புதைய வேண்டும். பெருவிரல் ஒரு பக்கம், நான்கு விரல் மறுபக்கம்; நடுவில் தோல் மடிப்பாகப் பிதுங்கும். எருது முன்னே போகிறது, கை பின்னே இழுக்கிறது. ஆகவே விரல்களுக்கு முன்பக்கம் தோல் விம்மி நிற்கும், பின்பக்கம் இரண்டு மூன்று சுருக்கம் விழும். சூடேற்றிய பல்குத்தும் குச்சியே இதற்குப் போதுமான கருவி. இந்தப் பிடி சரியாக வந்துவிட்டால் முகத்தில் அரை குறையாக விட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

வீரரின் உடை விஷயத்தில் என் கட்சி டி-ஷர்ட்டும் அரைக்கால் சட்டையும்தான். இன்று ஓடும் பையன்கள் அதைத்தான் போடுகிறார்கள். தார்ப்பாய்ச்சிய வேட்டி காலண்டர் படத்துக்குப் போகட்டும். காற்றில் எழும்பும் டி-ஷர்ட்டின் பின்விளிம்பு நல்ல அசைவு கொடுக்கும், ஆனால் 3 மில்லிமீட்டருக்குக் குறைக்காதீர்கள், உலோகம் ஓடிச் சேராது. கொம்புத் தட்டியை வார்க்கவே வேண்டாம். பின்னால் ஒன்றரை மில்லிமீட்டர் வெண்கலத் தகட்டில் வெட்டிப் பொருத்திக்கொள்ளலாம்.

எல்லாம் முடிந்ததும் வீரரை எருதிலிருந்து பிரித்துவிடுங்கள். வெட்டும் இடம் வலக்கை மணிக்கட்டு. கை எருதோடு வார்ப்பாகட்டும், ஆள் தனியாக. முழுக் கையோடு ஆளைத் தனியே வார்த்துப் பிறகு திமிலில் ஒட்டினால், அத்தனை பாடுபட்டுச் செய்த தோல் மடிப்பு வெல்டிங்கில் காணாமல் போகும். மணிக்கட்டு மூட்டை மறைக்க சாமிக் கயிறு ஒன்று கட்டிவிட்டால் முடிந்தது.

வழிகள்

எருதைத் தலைகீழாக, கால் மேலே இருக்கும்படி, மூக்குப் பக்கம் சற்றுச் சாய்த்து வார்ப்பது வசதி. வயிற்றிலும் மார்பிலும் பெருவிரல் தடிமனுக்கு ரன்னர், அதாவது உலோகம் உள்ளே போகும் வழி, மெழுகிலேயே. குளம்பு முளைகளிலிருந்து பென்சில் தடிமனுக்கு ரைசர், அதாவது காற்று வெளியேறி உலோகம் மேலே எட்டிப் பார்க்கும் வழி. மெல்லிய கால் வழியாக உடம்புக்கு உலோகம் அனுப்பப் பார்க்காதீர்கள், பாதி வழியில் உறைந்துவிடும். அச்சு நிற்கும் நிலையில் மேல்நோக்கி முடியும் ஒவ்வொரு முனைக்கும் காற்றுப்போக ஒரு வழி வேண்டும். வால் நுனியை மறப்பவர்கள் அதிகம்.

வழிகள் எல்லாம் சேர்த்து மெழுகை இப்போது எடை போட்டு எழுதி வையுங்கள். மெழுகைப்போல் வெண்கலம் ஏறத்தாழ ஒன்பது மடங்கு கனம். பத்து மடங்காகக் கணக்கிட்டு உலோகம் எடுத்தால் பற்றாக்குறை வராது.

மண் பூசுதல்

முதல் பூச்சுதான் உங்கள் கைரேகை வரை பிரதி எடுக்கப்போகிறது. துணியில் சலித்த வண்டல், அரைத்த உமிக்கரி, வடிகட்டிய சாணித் தண்ணீர். மோர்ப் பதத்தில் தூரிகையால் தடவுங்கள். விரலிடுக்கில், காதுக்குள், தோல் மடிப்பில் குமிழி நிற்காமல் ஊதி ஊதித் தடவ வேண்டும். அங்கே நின்ற ஒவ்வொரு குமிழியும் வெண்கலத்தில் ஒரு மிளகாகத் திரும்பி வரும். நிழலில் காய்ந்த பின் இரண்டாவது, மூன்றாவது பூச்சு. அதற்குமேல் மணல் கலந்த களிமண் கனமாக, இரும்புக் கம்பியால் கட்டி, மறுபடி ஒரு பூச்சு. வெயிலில் வைத்து அவசரப்படுத்தினால் விரிசல் விடும்.

சுடுவதும் ஊற்றுவதும்

அச்சின் வாயைக் கீழ்நோக்கி வைத்து வறட்டித் தீயில் மெதுவாகச் சூடேற்றினால் மெழுகு வழியும். பாத்திரத்தில் பிடித்து எடை பார்த்தால் உள்ளே எவ்வளவு மிச்சம் என்று தெரியும். பிறகு 600, 700 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றி, வாயில் புகையும் கறுப்பும் முற்றிலும் போகும்வரை சுடுங்கள். ஈரம் ஒரு துளி தங்கியிருந்தாலும் உருகிய உலோகம் பட்டதும் நீராவியாகி வெடிக்கும். இந்த வேலையில் உயிருக்கு ஆபத்து வரும் இடம் இதுதான்.

எந்த உலோகம் என்பதில் ஒரு எச்சரிக்கை. பழைய வெண்கலப் பானையும் மணியும் மலிவாகக் கிடைக்கிறதென்று உருக்காதீர்கள். அவற்றில் வெள்ளீயம் 20 சதவீதத்தை ஒட்டி இருக்கும். நன்றாக ஒலிக்கும், ஆனால் மெல்லிய கால் கண்ணாடியைப்போல் ஒடியும். தாமிரம் 85, வெள்ளீயம், துத்தநாகம், காரீயம் தலா 5 என்ற கன்மெட்டல் நன்றாக ஓடும், ஆனால் காரீயம் இருப்பதால் வெல்டிங் ஏற்காது. மணிக்கட்டில் ஒட்டும் வேலை இருப்பதால் நமக்கு ஏற்றது சிலிக்கான் வெண்கலம்: தாமிரம் 95, சிலிக்கான் 4, மாங்கனீசு 1.

உருக்குவதை மட்டும் வீட்டில் செய்ய நினைக்க வேண்டாம். ஓசூர் வட்டாரத்தில் உலோக வார்ப்புப் பட்டறைகள் இருக்கின்றன. அச்சையும் உலோகக் கட்டியையும் கொண்டுபோய், அவர்கள் உலை காயும் நாளில் ஊற்றித் தரும்படி பேசிக்கொள்ளுங்கள். சிறு பட்டறையில் ஒப்புக்கொள்வார்கள். சாமான் செய்பவர்களுக்குச் சிலை என்றால் ஒரு சுவாரசியம் உண்டு. அச்சு சூடாக இருக்கும்போதே மணலில் புதைத்து நிறுத்த வேண்டும். காலடியில் சிமெண்ட் தரை கூடாது, சிந்திய உலோகம் பட்டால் தரையே தெறிக்கும், மணல் பரப்பிக்கொள்ளுங்கள். தோல் ஏப்ரன், முகக்கவசம், பருத்தி உடை. நைலான் சட்டை ஆகாது. சுமார் 1100 டிகிரியில் மேல் கசடை வழித்துவிட்டு, இழை அறாமல் ஒரே ஊற்றாக ஊற்ற வேண்டும். ரைசர்களில் உலோகம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தலாம்.

பிரிப்பதும் சீவுவதும்

தானாக ஆறட்டும். மண்ணை உடைத்து, ரன்னர்களை அறுத்து, வயிற்றுத் துளை வழியாக உள்கருவைக் குத்தி எடுங்கள். ஒரு துளிகூட உள்ளே விடாதீர்கள், மழைக்கால ஈரத்தை உறிஞ்சி வெளியே பச்சை பூக்கும். ஆணிகளை உருவிவிட்டு அதே உலோகத்தில் திருகு அடித்து அடைத்து, சுத்தியால் தட்டி மட்டம் செய்யுங்கள். குளம்புக்கும் பெருவிரலுக்கும் கீழுள்ள முளைகளை அறுத்துவிடாதீர்கள், அவை பீடத்துக்கு வேண்டும். மணிக்கட்டை டிக் வெல்டிங்கில் (ஆர்கான் வெல்டிங் என்பார்கள்), சிலிக்கான் வெண்கலக் கம்பியால் இணையுங்கள்.

அரம் பிடித்ததும் எல்லாவற்றையும் வழவழப்பாக்கும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். திமில், கொம்பு, வீரரின் முன்னங்கை ஆகியவற்றில் மட்டும் மெருகு. வயிறு, தொடை, காற்றில் பறக்கும் துணியில் மெழுகில் விழுந்த விரல் தடங்கள் அப்படியே இருக்கட்டும். கண் மெருகில் நிற்கும், தடத்தில் ஓடும்.

நிறமும் பீடமும்

புளியும் பூந்திக்கொட்டையும் போட்டுத் தேய்த்துக் கழுவி எண்ணெய்ப் பிசுக்கு போன பின், கந்தகக் கலவை தடவினால் கருக்கும். மேடான இடங்களில் தேய்த்து வெளுக்க விடுங்கள். பிறகு சிலையைச் சூடாக்கி பெர்ரிக் நைட்ரேட் கரைசலைத் தெளித்தால் செம்பழுப்பு ஏறும். எருதுக்குக் கருமை கூட்டி, ஆளுக்குப் பழுப்பு கூட்டினால் தூரத்திலிருந்தே இரண்டு உருவமும் பிரிந்து தெரியும். திறந்த வெளியில், முகமூடியோடு செய்யுங்கள். வெதுவெதுப்பு இருக்கும்போதே தேன்மெழுகு பூசித் துணியால் தேயுங்கள்.

பீடத்துக்கு அலையவே வேண்டாம். பர்கூர், ஜெகதேவிப் பக்கத்துக் கிரானைட் பட்டறைகளில் வெட்டி ஒதுக்கிய துண்டு கிடைக்கும். பாலிஷ் போட்ட முகத்தைக் கீழே வைத்து, கரடான முகத்தை மேலே வையுங்கள். ஓடும் குளம்புக்குப் பளபளப்பான தரை பொருந்தாது. எருதின் நீளத்தைவிடப் பீடம் முன்பக்கம் ஒரு சாண் அதிகம் இருக்கட்டும், அந்த வெற்றிடத்துக்குள்தான் அது ஓடப்போகிறது. மூன்று முளைக்கும் துளை போட்டு, முதலில் ஒட்டாமல் நிறுத்திப் பாருங்கள். ஏதாவது ஒரு முளை ஆடினால் அதை வளைத்து இழுக்காதீர்கள், துளையை அகலப்படுத்துங்கள். எபாக்சிப் பசை ஊற்றி ஒரு நாள் அசைக்காமல் விட்டபின், எடுத்துச் செல்வதாக இருந்தால் பீடத்தைப் பிடித்துத் தூக்குங்கள், கொம்பைப் பிடித்து அல்ல.